ஆராய்ச்சிக்கூடத்தில் உடல்நலமும் பாதுகாப்பும்

விஞ்ஞான ஆராய்ச்சி என்றதும் கண்டுபிடிப்புகளே நம் மனத்தில் முதலில் தோன்றுகின்றன. அவ்வாராய்ச்சி நடைபெறும் அறைகளில் நாள்தோறும் வேலை செய்வோரின் உடல்நலத்தைப் பற்றி நாம் சிந்திப்பது குறைவு. தொழிற்சாலையில் அபாயம் உண்டு என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலும் அபாயம் உண்டு. ஆனால் அதன் இயல்பு வேறு. தொழிற்சாலையில் ஒரே பொருள் ஒரே முறையில் ஆண்டுக்கணக்கில் உற்பத்தியாகிறது. தொழிலாளர் அவ்வேலையில் பழகியவர். ஆய்வுக்கூடத்திலோ பொருள்களின் அளவு சிறிது, வகை மிகப் பல. செய்முறை அடிக்கடி மாறும். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் நான்கைந்து ஆண்டுகளில் பட்டம் பெற்று வெளியேறும் மாணாக்கர். அவர்கள் சென்ற பின்னும் அவர்கள் வாங்கிய இரசாயனங்களும், நிறுவிய கருவிகளும், நிரப்பி வைத்த புட்டிகளும் அங்கேயே இருக்கும். பொருள் தங்கிவிட, அதைப் பற்றிய அறிவு மட்டும் ஆளோடு போய்விடுகிறது. ஆய்வுக்கூடப் பாதுகாப்பில் மிகுந்த கவனம் வேண்டிய இடம் இதுவே என்பதை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொச்சியின் ஆய்வுக்கூடங்கள்

போர்ட் கொச்சியிலிருந்து காயலைக் கடந்தால் வில்லிங்டன் தீவும், அதற்கப்பால் எர்ணாகுளமும் உள்ளன. கடலையும் மீனையும் பற்றிய ஆராய்ச்சியில் நம் நாட்டின் முக்கியக் கேந்திரங்களுள் ஒன்று இப்பகுதி. 1957-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் வில்லிங்டன் தீவிலுள்ள மத்ஸ்யபுரியில் இயங்குகிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம், தேசியக் கடலாராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கடலியல் துறைகள் ஆகியவை எர்ணாகுளத்தில் அமைந்துள்ளன.

1960-களின் முற்பகுதியில் பல நாட்டுக் கப்பல்கள் ஒன்றுசேர்ந்து சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தை நடத்தின. இருநூறு மீட்டர் ஆழத்திலிருந்து மேற்பரப்பு வரை ஒரே அளவுள்ள வலைகளைச் செங்குத்தாக இழுத்து, நீரில் மிதந்து வாழும் நுண்ணிய விலங்குகளை அவை சேகரித்தன. அவற்றைப் பிரித்து ஆராய்வதற்கென்றே இந்தியப் பெருங்கடல் உயிரியல் மையம் என்னும் நிலையம் யுனெஸ்கோவின் ஒத்துழைப்போடு கொச்சியில் நிறுவப்பட்டது. பின்னர் அது தேசியக் கடலாராய்ச்சி நிறுவனத்தோடு இணைந்தது.

இத்தகைய சேகரிப்புகளின் மதிப்பு காலம் செல்லச் செல்ல உயரும். இன்றைய கடலை அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய கடலோடு ஒப்பிட அவையே சான்று. ஆனால் அவற்றைக் கெடாமல் காக்கும் திரவமே காப்பவரின் உடலைக் கெடுக்க வல்லது. அத்திரவம் ஃபார்மலின்.

ஃபார்மலினின் தன்மை

ஃபார்மால்டிஹைடு என்னும் வாயு நீரில் ஏறத்தாழ 37 சதவிகிதம் கரைந்துள்ள கரைசலே ஃபார்மலின். அது திரிந்து வெண்படிவாகாமலிருக்க அதில் சிறிது மெதனால் சேர்க்கப்பட்டிருக்கும். ஃபார்மால்டிஹைடு உயிர்ப்பொருளின் புரதங்களோடு பிணைந்து அவற்றை இறுகச் செய்கிறது. இறந்த மீனின் தசை அழுகாமல் நிற்பதற்குக் காரணம் இதுவே. உயிருள்ள மனிதனின் கண்ணிலும் மூக்கின் உட்சவ்விலும் தோலிலும் எரிச்சலும் புண்ணும் உண்டாவதற்குக் காரணமும் இதுவே. சிலருக்குச் சிறிதளவு பட்டாலும் தோல் தடிக்கும், மூச்சு முட்டும். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ஆம் ஆண்டில், ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. மூக்கின் பின்புறத்தே தொண்டையின் மேற்பகுதியில் தோன்றும் புற்று இதில் முதன்மையாகக் குறிக்கப்பட்டது.

2018-ஆம் ஆண்டில் ஃபார்மலின் கலந்த மீன் கேரளத்தில் பெருமளவில் பிடிபட்டபோது பொதுமக்கள் மிகுந்த கவலையுற்றனர். மீனில் ஃபார்மலின் உள்ளதா என்பதைக் காகிதத் துண்டின் நிறமாற்றத்தால் சில நிமிடங்களில் கண்டறியும் எளிய சோதனையை மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் உருவாக்கியிருந்தது. உண்ணும் மீனில் அப்பொருள் இருத்தலாகாது என்பதில் நாம் காட்டிய அக்கறையை, அப்பொருளின் நடுவே ஆண்டு முழுவதும் அமர்ந்து நுண்பெருக்கியில் குனிந்திருக்கும் ஆய்வாளரிடமும், புட்டிகளைக் கழுவும் உதவியாளரிடமும் காட்டுதல் நியாயமன்றோ?

இங்கு இரு செய்திகளைக் குறிப்பிட வேண்டும். முதலாவது, மோப்பத்தை நம்பலாகாது. ஃபார்மலின் அறையில் நுழைந்தவுடன் மூக்கைத் துளைக்கும் நெடி, சற்று நேரத்தில் குறைந்துவிட்டதுபோல் தோன்றும். குறைந்தது காற்றிலுள்ள வாயு அன்று. நம் மூக்கின் உணர்ச்சியே. எட்டு மணி நேர வேலையில் காற்றின் பத்து லட்சம் பங்கிற்குச் சராசரியாக 0.75 பங்கிற்கு மேல் இவ்வாயு இருத்தலாகாது என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி வரையறுக்கிறது. இவ்வரம்பு மீறப்பட்டதா என்பதைக் கருவியால் அளந்தறியலாமேயன்றி மூக்கால் அளந்தறிய முடியாது.

இரண்டாவது, பெயர்ச்சீட்டில் நேரும் குழப்பம். '10 சதவிகித ஃபார்மலின்' என்பது கடையில் வாங்கிய ஃபார்மலின் ஒரு பங்கும் நீர் ஒன்பது பங்கும் சேர்ந்தது. அதில் உள்ள ஃபார்மால்டிஹைடு நான்கு சதவிகிதத்திற்கும் சற்றுக் குறைவு. '10 சதவிகித ஃபார்மால்டிஹைடு' என்று ஒருவர் எழுதிவிட்டால் அது இரண்டரை மடங்கிற்கும் மேற்பட்ட வீரியத்தைக் குறிக்கும். ஒரு சொல் பிறழ்ந்தால் மாதிரியும் கெடும்; கலப்பவர் கண்ணும் எரியும்.

டெல்லியில் நிகழ்ந்தது

பெயரும் பொறுப்பும் மறைந்துபோன பொருள் எவ்வளவு தீங்கு செய்யும் என்பதற்கு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்ததே நம் நாட்டின் மிகப் பெரிய சான்று.

அப்பல்கலைக்கழகத்தின் இரசாயனத் துறை 1968-ஆம் ஆண்டில் கனடா நாட்டிலிருந்து காமாக் கதிர்வீச்சுக் கருவி ஒன்றை வரவழைத்தது. அதனுள் ஈயக் கவசத்திற்குள் கோபால்ட்-60 என்னும் கதிரியக்கத் தனிமம் சிறு பென்சில்களின் வடிவில் வைக்கப்பட்டிருந்தது. 1985-க்குப் பிறகு அக்கருவியை எவரும் பயன்படுத்தவில்லை. கால் நூற்றாண்டு கழிந்து, 2010-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வேண்டாத பொருள் என்று அது ஏலத்தில் விற்கப்பட்டது. மேற்கு டெல்லியில் உள்ள மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் தொழிலாளர் அதை உடைத்துப் பிரித்தனர். ஏப்ரல் மாதத்தில் அவர்களுள் பலர் தோல் கருகியும் முடி உதிர்ந்தும் வாந்தியுற்றும் மருத்துவமனையை அடைந்தனர். ஒருவர் உயிர் நீத்தார். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் நிபுணர்கள் சந்தையைச் சோதித்துக் கோபால்ட் துண்டுகளை மீட்டனர். அவை எங்கிருந்து வந்தன என்பதும் பின்னர் விளங்கியது. சர்வதேச அணு நிகழ்வு அளவுகோலில் இந்நிகழ்ச்சி நான்காம் படியில் வைக்கப்பட்டது.

ஆசிரியர்கள் வகுப்பில் செய்து காட்டத்தக்க ஒரு கணக்கு இதில் அடங்கியுள்ளது. கோபால்ட்-60-இன் அரையாயுள் 5.27 ஆண்டுகள். 1968 முதல் 2010 வரை உள்ள 42 ஆண்டுகளில் ஏறத்தாழ எட்டு அரையாயுள்கள் கழிகின்றன. எட்டு முறை பாதியானால் தொடக்கத்தில் இருந்த வீரியத்தில் 256-இல் ஒரு பங்கே எஞ்சும். அந்த ஒரு பங்கே ஓர் உயிரைக் கொள்ளப் போதுமானதாயிற்று. 'பழையது, ஆகவே வலுவற்றது' என்னும் எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை மாணாக்கர் இதனால் உணர்வர்.

இத்துயரத்தில் எந்தச் சாதனமும் பழுதாகவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஈயக் கவசம் நாற்பது ஆண்டுகளாகத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கதிரியக்கப் பொருளை அப்புறப்படுத்துவதற்கு வாரியத்தின் அனுமதி வேண்டும் என்னும் விதியும் இருந்தது. குறைந்தது ஒன்றே: அக்கருவியினுள் என்ன இருக்கிறது என்பதை அறிந்த ஒருவர் ஏலத்தின்போது அதற்குப் பொறுப்பில் இல்லை. துன்புற்றவர்களோ பல்கலைக்கழகத்தின் வாயிலைக்கூட மிதித்தறியாத கூலித் தொழிலாளர்.

எழுத்தறியாதவரும் அறிந்து விலக வேண்டும் என்பதற்காகச் சர்வதேச அணுசக்தி முகமை 2007-ஆம் ஆண்டில் ஒரு புதிய எச்சரிக்கைச் சின்னத்தை வெளியிட்டிருந்தது. சிவப்பு முக்கோணத்தில் கதிர் வீசும் மூவிதழ்க் குறியும், மண்டையோடும், ஓடும் மனித உருவமும் அதில் உள்ளன. கருவியைப் பிரிக்க முற்படுபவரின் கண்ணில் படும்படி உட்புறத்தில் அது பொருத்தப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. எச்சரிக்கை என்பது அறிந்தவருக்காக மட்டும் எழுதப்படுவதன்று என்னும் கருத்து இதில் விளங்குகிறது.

கையுறையும் உருளையும்

அறிவு குறைவுபடாத இடத்திலும் விபத்து நேரலாம். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் இரசாயனப் பேராசிரியையாக இருந்த காரன் வெட்டர்ஹான் நச்சு உலோகங்களின் ஆராய்ச்சியில் தேர்ந்தவர். 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டில், முறைப்படி கையுறை அணிந்து வேலை செய்கையில், இருமீத்தைல் பாதரசத்தின் சில துளிகள் அவர் கையுறைமீது சிந்தின. அப்பொருள் ரப்பர்ப்பால் கையுறையைச் சில வினாடிகளில் ஊடுருவிச் செல்லும் என்பது அப்போது பரவலாக அறியப்படவில்லை. பல மாதங்கள் வரை அவருக்கு நோய்க்குறி ஏதும் தோன்றவில்லை. 1997-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் காலமானார். அதன்பின் இப்பொருளுக்குரிய கையுறைபற்றிய அறிவுரைகள் மாற்றியமைக்கப்பட்டன. கையுறை அணிந்தோமா என்பது மட்டுமன்று, எப்பொருளுக்கு எக்கையுறை என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி என்று இதனால் உலகம் கற்றது.

நம் நாட்டில் 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 5 அன்று பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் அதிவேகக் காற்றியக்க ஆய்வுக்கூடத்தில் வாயு உருளை வெடித்து ஒருவர் உயிரிழந்தார், மூவர் கடுங்காயமுற்றனர். வாயு உருளை என்பது அடைத்து வைத்த பேராற்றல். அதில் வாயு சாதாரணமாக வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்கிற்கு மேற்பட்ட அழுத்தத்தில் அடங்கியிருக்கும். ஹைட்ரஜன் வாயுவோ காற்றில் 4 முதல் 75 சதவிகிதம் வரை எந்த அளவில் கலந்தாலும் தீப்பற்றும். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படுவதும் அரிது. ஆகவே உருளைகளை நிமிர்த்திச் சுவரோடு சங்கிலியால் பிணைக்க வேண்டும். இடம் மாற்றுகையில் வால்வின் மூடியைத் திருகி வைக்க வேண்டும். கசிவைச் சோப்புக் கரைசலால் சோதிக்க வேண்டும். தீக்குச்சியால் ஒருபோதும் சோதிக்கலாகாது.

பாதுகாப்பின் வரிசை

பாதுகாப்பு என்றதும் முகமூடியும் கையுறையும் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அவை வரிசையில் கடைசியானவை. முதலில், அபாயமான பொருள் இல்லாமலே வேலையை முடிக்கலாமா என்று பார்த்தல் வேண்டும். இரண்டாவது, தீங்கு குறைந்த மாற்றுப் பொருள் உண்டா என்று நோக்குதல். ஃபார்மலினில் உறுதிப்படுத்திய மாதிரியை நன்கு நீரில் அலசி, ஆராயும் காலத்தில் மட்டும் வேறு திரவத்தில் வைத்துக்கொள்வது இவ்வகையைச் சேர்ந்தது. மூன்றாவது, வாயுவை ஆளிடமிருந்து பிரித்தல். நச்சுவாயுவை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடி அடைப்பு இதற்கு உரியது. அதன் வாயிலில் மெல்லிய காகித நாடாவைத் தொங்கவிட்டால் அது உட்புறமாகச் சாய வேண்டும். சாயாவிடில் அது வெறும் அலமாரியே. நான்காவது, விதிமுறைகளும் பயிற்சியும். இவை யாவும் முடிந்தபின் எஞ்சும் அபாயத்திற்கே கையுறையும் கண்ணாடியும்.

கொச்சியின் தட்பவெப்பநிலை இவ்வரிசையோடு வேறு சில கவனங்களையும் வேண்டுகிறது. ஆண்டில் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இவ்வூரில் காகிதச் சீட்டு பூஞ்சணம் பிடித்து உதிரும். சாதாரண மை கரையும். உப்புக்காற்று உருளையின் வால்வையும் இரும்புத் தட்டுகளையும் அரிக்கும். ஆகவே பெயரைப் புட்டியின் வெளிப்புறத்தில் கரையாத மையாலும், மாதிரியின் உள்ளே பென்சிலால் எழுதிய தடித்த தாளாலும் இருமுறை பதிதல் நன்று. 2018 ஆகஸ்டில் பெரியாற்று வெள்ளம் ஆலுவாவைச் சூழ்ந்ததை எவரும் மறந்திரார். சோடியம் போன்று நீர் பட்டால் தீப்பற்றும் பொருள்களைத் தரைமட்டத்தில் வைத்தல் தகாது.

ஒன்றோடொன்று சேரக்கூடாத பொருள்களை அகரவரிசையில் அடுக்குவதும் தவறு. ஃபார்மலினைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் அருகில் வைத்தால், புட்டிகள் உடையும்போது இரண்டும் கலந்து கடும் வெப்பமும் வாயுவும் எழும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவியோடு ஃபார்மால்டிஹைடு சேர்ந்தால் புற்றுநோய் விளைவிக்கும் மற்றொரு கொடிய பொருள் உண்டாகக்கூடும். அபாயத்தின் இனத்தைக் கொண்டே அடுக்குதல் வேண்டும்.

களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும்

கடலிலும் காயலிலும் மாதிரி சேகரிக்கும் பணியாளர், அசையும் படகில் அடர் ஃபார்மலினை அளந்து ஊற்றுவதைத் தவிர்த்தல் நலம். வேண்டிய அளவைக் கரையிலேயே அளந்து சிறு பிளாஸ்டிக் புட்டிகளில் எடுத்துச் செல்லலாம். படகில் காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி நின்றால் ஆவி முகத்தில் அடிக்கலாம். பக்கவாட்டில் காற்று வீசுமாறு நின்று கலப்பது சிறந்தது. திரவம் கண்ணில் தெறித்தால் தாமதமின்றி நல்ல நீரால் பதினைந்து நிமிடங்கள் கழுவி, பின் மருத்துவரை நாட வேண்டும். இதற்கெனத் தனியாக ஒரு குடம் நன்னீர் படகில் இருக்கட்டும். வாயால் உறிஞ்சிப் பிப்பெட்டை நிரப்பும் பழைய வழக்கத்தை எங்கும் எவரும் கைக்கொள்ளலாகாது.

பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் தம் விலங்கியல், இரசாயன ஆய்வுக்கூடங்களின் பின்னறை அலமாரியை ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக. அங்கே மூன்று வகைப் புட்டிகள் இருக்கக்கூடும். ஒன்று, சீட்டு உதிர்ந்து பெயர் தெரியாதது. மற்றொன்று, பல ஆண்டுகளுக்கு முன் திறந்த ஈதர். காற்றுப் பட்ட ஈதரில் வெடிக்கும் இயல்புடைய பெராக்சைடுகள் நாளடைவில் சேரும். மூன்றாவது, திசுக்களைப் பதப்படுத்த வாங்கிய பிக்ரிக் அமிலம். ஈரமாக இருக்கும்வரை அது அடங்கியிருக்கும். உலர்ந்து மஞ்சள் படிகங்கள் மூடியில் படிந்தால் திருகும் உராய்வாலேயே வெடிக்கலாம். இத்தகைய புட்டியைக் காண்பவர் அதைத் திறக்கவும் அசைக்கவும் வேண்டா. அறையைப் பூட்டி, தலைமையாசிரியருக்கும் தீயணைப்புத் துறைக்கும் தெரிவித்தலே முறை. எப்பொருளையும் கழிநீர்த் தொட்டியில் கொட்டிவிடுதல் தீர்வாகாது. அபாயமான கழிவுகளை அப்புறப்படுத்துவதற்கு மத்திய அரசாங்கம் 2016-ஆம் ஆண்டில் வகுத்த விதிகள் உள்ளன. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற நிலையங்கள் இதற்கென இயங்குகின்றன.

பொறுப்பை ஒப்படைக்கும் ஏடு

வங்கியில் காசாளர் மாறும்போது பணத்தை எண்ணிக் கையொப்பமிட்டே பொறுப்பு மாறுகிறது. ஆய்வுக்கூடத்திலும் அவ்வழக்கம் வேண்டும். பட்டம் பெற்று வெளியேறும் மாணாக்கரும், பணி ஓய்வு பெறும் ஆசிரியரும் தம் கைவசமுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஆறு விவரங்களை எழுதி ஒப்படைத்தல் நலம்: அதன் பெயர், வைத்துள்ள இடம், திறந்த நாள், விளையக்கூடிய தீங்கு, விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டிய முதலுதவி, அப்புறப்படுத்தும் முறை. இரசாயனம் விற்பவரிடம் கேட்டால் பதினாறு பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தகவல் ஏடு கிடைக்கும். இவ்விவரங்களிற் பலவற்றை அதிலிருந்தே எடுக்கலாம். பெற்றுக்கொள்பவர் புட்டியை நேரில் கண்டபின்பே கையொப்பமிட வேண்டும். பெறுவார் இல்லாத பொருளை முறைப்படி அகற்றிய பின்னரே வெளியேறுபவருக்கு விடுப்புச் சீட்டு வழங்கலாம். கருவிகளை ஏலம் விடுமுன் அவற்றின் உள்ளடக்கத்தை அறிந்த துறையினரின் எழுத்து மூலமான இசைவைப் பெறுவதும் இன்றியமையாதது.

இவ்வேடு ஆய்வாளர் மட்டும் படிக்கும் மொழியில் இருந்தால் போதாது. அறையைப் பெருக்குபவரும், புட்டி கழுவுபவரும், காவலரும் அறியும் மொழியில் அதன் சுருக்கம் கதவில் ஒட்டப்பட வேண்டும். விபத்து நேரும் இரவில் முதலில் வந்து கதவைத் திறப்பவர் பெரும்பாலும் காவலரே.

இவற்றிற் பெரும்பகுதிக்கு அதிகப் பொருட்செலவில்லை. ஒரு பதிவேடும், கரையாத மையும், ஆண்டுக்கு இருமுறை அலமாரியைத் திறந்து சரிபார்க்கும் ஒரு முற்பகலுமே வேண்டுவன. மாயாபுரியில் இரும்பை உடைத்த தொழிலாளர்க்கு அக்கருவியின் உள்ளே இருந்ததைக் கூறுவதற்கு ஒரு தாள் போதுமானதாக இருந்திருக்கும். அத்தாளை எழுதி வைப்பது ஆராய்ச்சியின் ஒரு பகுதியே என்பதை இளம் ஆய்வாளருக்கு முதல் நாளிலேயே கற்பித்தல் ஆசிரியர்களின் கடமையாகும்.